குமரிக் கடல்மேல் இரண்டு மூட்டங்கள்

பிப்ரவரி நடுவில் ஒரு விடிகாலை, கன்னியாகுமரி. லாட்ஜ் வரவேற்பறைப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்த சூரியோதய நேரத்துக்கு முன்பே கரை நிறைந்துவிட்டது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள், செல்போனை உயர்த்திப் பிடித்தபடி எல்லாரும். நேரம் வந்தது, போனது. வானம் வெளுத்தது, ஆனால் சூரியன் வரவில்லை. மேகம் என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல ஒரு கோடும் இல்லை. கிட்டத்தட்ட இருபது நிமிடம் கழித்து, கடல்மட்டத்துக்கு வெகு மேலே, சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து செப்புத் தட்டு மாதிரி ஒரு வட்டம் மெல்லத் துலங்கியது. கண் கூசாமல் நேராகப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் நின்றவர் “பனி ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டீக்கடைக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “இப்பம்லாம் கடல்ல இருந்து எழும்பாது அண்ணாச்சி. மழ பெஞ்சு விட்ட மறுநா வரணும். அப்பம் கோடு கிழிச்ச மாதிரி கடல் தெரியும்” என்றார்.

அவர் சொன்னதுதான் என்னை விடாமல் அரித்தது. கடற்காற்று சுத்தமானது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். டெல்லியில் புகை, சரி. எண்ணூரில் புகை, சரி. மூன்று பக்கமும் தண்ணீர் இருக்கிற ஒரு முனையில், ஆலைகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சூரியனையே இருபது நிமிடம் மறைத்து வைக்கிற அளவுக்குக் காற்றில் என்ன இருக்கிறது? பனி என்பதில் பாதி உண்மை உண்டு. ஈரக் காற்றில் நுண்துகள்கள் நீரை இழுத்துக்கொண்டு உப்பும், உப்பிய துகள் ஒளியை இன்னும் அதிகமாகச் சிதறடிக்கும். ஆனால் நீரை இழுக்க முதலில் துகள் இருக்க வேண்டுமே.

செயற்கைக்கோள்காரர்கள் இதற்கு ஏ.ஓ.டி. என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். தலைக்கு நேர் மேலிருந்து இறங்கும் ஒளியைக் காற்றிலுள்ள துகள்கள் எவ்வளவு மறிக்கின்றன என்பதன் அளவு. 0.1 என்றால் நூற்றில் தொண்ணூறு பங்கு நேராக வந்து சேரும். 0.4 என்றால் அறுபத்தேழு. மாசி மாதத்தில் நம் பக்கத்துக் கடலுக்கு 0.4 அசாதாரணமான எண் இல்லை. உச்சி வெயிலில் இந்த வித்தியாசம் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. காலைச் சூரியனுக்குக் கதை வேறு. கையை முன்னால் நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் உயரத்தில், அதாவது அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகை அளவில் சூரியன் இருக்கும்போது, அதன் ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். துகள் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், 0.1 உள்ள நாளில் அந்த உயரத்திலும் முப்பத்தேழு விழுக்காடு ஒளி தப்பிவிடும். 0.4 உள்ள நாளில் தப்புவது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த இரண்டைத்தான் செப்புத் தட்டாகப் பார்த்தோம். அதற்கும் கீழே இருந்தபோது சூரியன் இல்லாமல் இல்லை, வந்து சேரத்தான் முடியவில்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது டீக்கடைக்காரர் மேல் எனக்கு மரியாதை கூடியது. மழை துகளைக் கழுவிவிடும், மறுநாள் எண் இறங்கும், கோடு தெரியும். கருவி ஏதும் இல்லாமல் வருஷக்கணக்காக அவர் அளந்துகொண்டுதான் இருக்கிறார்.

மேலிருந்து பார்த்தால்

துகள்களை வானிலிருந்து அளக்கக் கடலைப் போல வசதியான இடம் கிடையாது. நிலம் வெளிச்சமானது, மணல், வயல், கூரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒளியைத் திருப்பி அனுப்பும். கடலோ சிவப்பு ஒளியிலும் அகச்சிவப்பிலும் கிட்டத்தட்டக் கறுப்பு. கறுப்புப் பின்னணியில் ஏதாவது வெளிச்சம் தெரிந்தால் அது இடையிலுள்ள காற்றிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவாவின் செயற்கைக்கோள்கள் தந்த ஆரம்பகாலத் துகள் வரைபடங்களில் கண்டங்கள் வெற்றாகக் கிடக்கும், பெருங்கடல்கள் மட்டும் நிறம் காட்டும். 1999 டிசம்பரில் டெர்ரா, 2002 மே மாதத்தில் அக்வா என்ற நாசா செயற்கைக்கோள்கள் மேலே போன பிறகு, அவற்றிலுள்ள மோடிஸ் என்ற ஒரே வகைக் கருவி காலையில் ஒருமுறை, மதியத்துக்கு மேல் ஒருமுறை என்று உலகத்தையே வாரிக்கொண்டு போகிறது. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அந்தப் படங்கள் யாருக்கும் இலவசமாகத் திறக்கும். குமரியிலிருந்து திரும்பிய பிறகு எனக்கு அது அன்றாடப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் படங்களில் ஓட்டைகள் உண்டு, அவற்றைப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். சூரியன் கடல்பரப்பில் பட்டுத் தெறிக்கும் பட்டையில் கறுப்புப் பின்னணி போய்விடும், அளக்க முடியாது. மேகத்துக்கு அடியிலும் அளக்க முடியாது. ஜூலையில் வங்காள விரிகுடாவின் பெரும்பகுதி பல நாள் வெற்றாகக் கிடக்கும். அதைத் தூய்மையான காற்று என்று வாசித்துவிடக் கூடாது. பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மாதச் சராசரி என்று நம் முன் வருவதும் மேகம் விலகிய நாட்களின் சராசரிதான்.

இப்படி நான் படங்களோடு இருந்த நாட்களில்தான் ஓமனில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஜூலை மாத வரைபடம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அரபிக்கடல் முழுக்க அடர்பழுப்பு. சோமாலியக் கரையிலிருந்து குஜராத் வரை 0.5ஐத் தாண்டிய நிறம். பக்கத்திலேயே பிப்ரவரிப் படம், அதைவிட வெளிறியது. “பாத்தியா? உங்க அடுப்பும் இல்ல, ஆலையும் இல்ல. எல்லாம் இங்கேருந்து வர்ற மண்ணுதான்டா. இயற்கை செய்யுறதுல பாதிகூட மனுஷன் செய்யல” என்று எழுதியிருந்தான். காரின் கண்ணாடியிலிருந்து காலையும் மாலையும் மண்ணைத் துடைக்கிறவன் அவன். அனுபவத்திலிருந்துதான் பேசினான்.

ஜூலையைப் பற்றி அவன் சொன்னது சரிதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்கக் கரையோரம் ஏறி, சோமாலியத் தாழ்நிலைக் காற்றோட்டமாக முறுக்கிக்கொண்டு அரபிக்கடலைக் குறுக்கே கடக்கிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் அதிகம். அதே மாதங்களில் ஆப்பிரிக்கக் கொம்பிலிருந்தும் அரேபியப் பாலைவனங்களிலிருந்தும் புழுதி கிளம்பிக் கடலுக்கு மேல் வருகிறது. அதன் பெரும்பகுதி கடலை ஒட்டிய ஈரக் காற்றடுக்குக்கு மேலே தனி அடுக்காக மிதக்கும். 2006 ஏப்ரலில் ஏவிய காலிப்சோ செயற்கைக்கோள், மேலிருந்து லேசர் அடித்து இந்த அடுக்குகளை நெடுக்குவெட்டாகவே காட்டியது. அடியில் இன்னொன்றும் நடக்கிறது. அந்தக் காற்று அலைகளை உடைத்து நுரைக்க வைக்கும்போது குமிழிகள் வெடித்து உப்புத் துகள்கள் காற்றில் ஏறுகின்றன. மேலே புழுதி, கீழே உப்பு, இரண்டும் சேர்ந்ததுதான் ஜூலைப் பழுப்பு. நம் அடுப்புக்கு அதில் பெரிய பங்கில்லை.

ஆனால் அந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. எதனால் என்று உடனே சொல்லவும் தெரியவில்லை. இரண்டு படத்திலும் ஒரே எண், ஒரே வண்ண அளவுகோல். அதிகம் என்றால் அதிகம்தானே? பல நாள் இந்தக் கேள்வியோடு இருந்தேன்.

வண்ணம் பிரிந்த இடம்

விடை அதே தளத்தில் வேறொரு அடுக்கில் இருந்தது. மோடிஸ் ஒரே நிறத்தில் பார்ப்பதில்லை. கடலுக்கு மேல் பச்சையிலிருந்து அகச்சிவப்பு வரை பல அலைநீளங்களில் ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஊதுபத்திப் புகை முனையிலிருந்து எழும்போது நீலம் பாரித்துத் தெரியும், மாவு சலிக்கும்போது பறக்கும் தூசி வெள்ளையாகவே தெரியும். கவனித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். பெரிய துகள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரி சிதறடிக்கும். ஆகவே குட்டை அலைநீளத்திலிருந்து நெட்டை அலைநீளத்துக்குப் போகும்போது அந்த எண் எவ்வளவு சரிகிறது என்று பார்த்தாலே, மேலே மிதப்பதில் நுண்துகள் எவ்வளவு, பெருந்துகள் எவ்வளவு என்று ஓரளவு பிரித்துவிடலாம். மண்ணும் உப்பும் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, மேல். புகையும், கந்தக வாயுவிலிருந்து உண்டாகும் சல்ஃபேட்டும் பெரும்பாலும் அதற்குக் கீழ்.

அந்தப் பிரிப்பைப் போட்டு இரண்டு மாதங்களையும் மறுபடி வைத்துப் பார்த்தேன். ஜூலை அரபிக்கடலில் பெருந்துகள் பக்கம் கனத்தது. பிப்ரவரியில் நிலைமை தலைகீழ்: கங்கைச் சமவெளியிலிருந்து வங்கத்தின் வாய் வழியாக வெளியே வந்து, விரிகுடாவில் பரவி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு மாலத்தீவு நோக்கிப் போகும் நீண்ட நுண்துகள் பட்டை. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்தும் அரபிக்கடலுக்குள் அப்படியே ஒரு விரிப்பு. எண்ணில் ஜூலையைவிடச் சிறியதுதான். ஆனால் இது வேறு பொருள், வேறு ஊரிலிருந்து வந்தது, வேறு விதமாக வேலை செய்வது. நுரையீரலின் அடிவரை போகக்கூடியது இதுதான். ஒரு கடலுக்கு மேல் ஆண்டுக்கு ஒரே ஒரு மூட்டம் கூடிக் குறைகிறது என்று நானும் நண்பனும் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் இரண்டு மூட்டங்கள், காற்று திசை மாறும்போது ஒன்று போய் மற்றொன்று வருகிறது. ஒரே வண்ண அளவுகோல் இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. பிப்ரவரியில் நாம் செய்வதை ஜூலைப் புழுதியோடு தராசில் வைத்து “இயற்கைதான் அதிகம்” என்று கைகழுவுவதில் எனக்கு இருந்த நெருடலுக்குக் காரணம் இதுதான் என்று அன்று விளங்கியது. நண்பனுக்கு இரவோடு இரவாக இரண்டு படத்தையும் அனுப்பினேன்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இண்டோயெக்ஸ் என்ற பெரிய ஆய்வு இதே கடலில் நடந்தது. சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்ரன் ராமநாதனும், ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குருட்சனும் அதை முன்னின்று நடத்தினார்கள். விமானங்கள், நம்முடைய சாகர் கன்யா உட்பட ஆய்வுக் கப்பல்கள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஒரு நிலையம், மேலே செயற்கைக்கோள்கள். தூய்மையாக இருக்கும் என்று நினைத்த நடுக்கடலில் புகைமூட்டம், அதுவும் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே ஏறத்தாழ ஆறு பாகை வரை. அங்கே இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் மழைப்பட்டை இருக்கிறது. அதற்கு வடக்கே கலங்கல், தெற்கே தெளிவு. நம் வடகிழக்குக் காற்று கொண்டுபோவது எல்லாம் அந்த மழைப்பட்டையில் போய்க் கழுவப்படுகிறது. குளிர்காலத்தில் வழியில் மழை இல்லாததால், துகள்கள் ஒரு வாரத்துக்கும் மேல் காற்றிலேயே இருந்து அவ்வளவு தூரம் போய்விடுகின்றன.

என்ன எரிந்த புகை என்ற கேள்வி பாக்கி இருந்தது. செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. புனே அருகே சிங்ககட் மலையிலும், மாலத்தீவின் ஹனிமாதூவிலும் குளிர்காலக் காற்றை வடிகட்டி, கரித்துகளில் உள்ள, காலம் போகப்போகச் சிதைந்து மறையும் கார்பன்-14ஐ அளந்தார்கள். நிலக்கரியும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுப் பழையவை, அவற்றில் கார்பன்-14 மிச்சமில்லை. நேற்று வெட்டிய விறகில் இருக்கும். 2009இல் வெளியான அந்த முடிவின்படி கரியில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு போன்றவை எரிந்து வந்தது. மீதி நிலக்கரியும் எண்ணெயும். மாலத்தீவின் மேல் மிதந்த புகையில் அத்தனை வீட்டு அடுப்பு.

நாகர்கோவில் பக்கத்தில் சித்தி வீட்டுக் கொல்லைப்புறத்தில் அந்த அடுப்பை நான் பார்க்கிறேன். சமையலறையில் கேஸ் அடுப்பு பளபளவென்று இருக்கிறது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் பின்னால் கல்லடுப்பு. கொதும்பும் சிரட்டையும் காய்ந்த மட்டையும் குவிந்திருக்கும். மேலே தகரக் கூரையின் உட்புறம் விரலால் தொட்டால் பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டும், சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நின்றுவிடும். ஏன் சித்தி இன்னும் இது என்று கேட்டால், “கேஸுல தண்ணி சூடாக்குனா கட்டுப்படியாகுமா மக்கா? தோப்புல கெடக்கத எரிக்காம என்ன செய்யட்டும்?” என்கிறாள். நியாயமான கேள்வி. முதலில் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு தந்தது, 2016இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. இரண்டும் பெரிய காரியங்கள், எத்தனையோ பெண்களைப் புகையிலிருந்து மீட்டன. ஆனால் இணைப்புகளை எண்ணினால் போதாது. மாதத்துக்கு எத்தனை நாள் விறகு எரிகிறது என்பதுதான் கேள்வி. மாசியில் வடகிழக்குக் காற்று மிதமாக அடித்தால்கூட இங்கிருந்து கிளம்பும் புகை ஒன்றிரண்டு நாளில் மாலத்தீவுப் பக்கம் போய்ச் சேரும். அதற்கு முன்னால் அது சித்தியின் நெஞ்சுக்குள் போய்வந்திருக்கும். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இந்தப் புகை கடலுக்கு என்ன செய்கிறது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. மேலிருந்து பார்க்கும் கருவி, விண்வெளிக்குத் திரும்பிப் போகும் ஒளியை மட்டும் பார்க்கும். கரி ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். இண்டோயெக்ஸ் அளவுகளின்படி, கடல்பரப்பு இழக்கும் வெயில், மேலே தெரியும் இழப்பைப் போல மூன்று மடங்கு. இடையில் காணாமல் போனது காற்றையே சூடாக்குகிறது. 2006 மார்ச்சில் ராமநாதன் குழு சிறிய ஆளில்லா விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக, மூட்டத்துக்குக் கீழும் உள்ளும் மேலும் பறக்கவிட்டு அதை நேரடியாக அளந்து காட்டியது. கடல் குளிர்ந்து காற்று சூடானால் ஆவியாதலும் மழையும் எப்படி மாறும் என்று பல காலமாக ஆராய்கிறார்கள். இதை வைத்து, “புகை பூமிக்கு நிழல் தருகிறது, துடைத்துவிட்டால் வெப்பம் கூடும், இருக்கட்டுமே” என்று ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. சல்ஃபேட் நிழல் தருகிறது, அது போனால் கரியமில வாயுவின் சூடு முழுசாகத் தெரியும் என்பது உண்மை. அதற்காக மூச்சுத் திணறலை மருந்தாக எழுதிக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. புகை நின்றால் துகள் ஒன்றிரண்டு வாரத்தில் காற்றைவிட்டுப் போய்விடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும், ஒன்றுக்கு மற்றதைக் காவல் வைக்க முடியாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் 130 நகரங்கள் இருக்கின்றன. நம் பக்கம் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. நகராட்சிகள் சாலையில் தண்ணீர் தெளித்து, ஓரத்துப் புழுதியைக் கூட்டி, அந்தந்த நகரத்து எண்ணைக் குறைக்கப் பார்க்கின்றன. பிப்ரவரிக் கடலின் படத்தைப் பார்த்தால் அந்தப் பட்டை எந்த நகரத்தின் எல்லையிலும் தொடங்கவில்லை. சிந்து முதல் பிரம்மபுத்திரா வரை ஒரு சமவெளி முழுவதும், தெற்கே நாமும் சேர்ந்து, அனல்மின் நிலையமும் செங்கல் சூளையும் வயல் தாளும் கொல்லைப்புற அடுப்புமாக அதைச் செய்கிறோம். நகரத்துக்கு வெளியே அளக்கும் கருவியே பல மாவட்டங்களில் இல்லாதபோது கிராமத்துப் புகை எந்தக் கணக்கில் வரும்? லட்சத்தீவின் மினிக்காயில் காற்றுத்துகள்களை அளக்கும் இஸ்ரோவின் ஏரோசால் நிலையம் இருக்கிறது. 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3 நம்முடைய கடலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தை முதல் பங்குனி வரை நம் கடலின் மேலுள்ள நுண்துகள் அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்தத் திட்டத்தின் மதிப்பெண்ணில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் தெளித்து அந்த எண்ணை யாரும் இறக்க முடியாது. சித்திக்கு வெந்நீர் போடக் கட்டுப்படியாகிற வழி, சூரியச் சூடேற்றியோ மானியத்தில் இன்னொரு சிலிண்டரோ, வந்தால்தான் அது இறங்கும்.

நண்பன் பதில் போட்டிருந்தான். நுண்துகள் படத்தை ஒத்துக்கொண்டான், ஆனால் மோடிஸ் இந்தப் பிரிப்பை ஊகத்தில்தானே செய்கிறது என்று கேட்டிருந்தான். நல்ல கேள்விதான். ஒரே கோணத்திலிருந்து நிறங்களை மட்டும் வைத்துப் பிரிக்கும்போது பிழை வரும். புழுதியும் புகையும் கலந்து வரும் சித்திரை, வைகாசியில் அது கூடும். 2024 பிப்ரவரி 8 அன்று ஏவிய பேஸ் செயற்கைக்கோளில் இரண்டு தளவிளைவுமானிகள் இருக்கின்றன. ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து பார்த்து, ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதையும் அளப்பதால் துகள் உருண்டையா, கோணல்மாணலா, ஒளியை விழுங்குவதா, சிதறடிப்பதா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். அதன் தரவும் பொதுவில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே படங்களை அவனும் நானும் தனித்தனியாக எடுத்து, மண் எவ்வளவு, புகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதாக இப்போதைக்குப் பேசிவைத்திருக்கிறோம்.